நாவை அடக்கிய மேற்றிராணியார்



நேற்று உங்கள் வீட்டில் பேசப்பட்ட வார்த்தைகளில் எத்தனை இன்று உங்கள் நினைவில் இருக்கின்றன? இதமாய்ச் சொன்னவையெல்லாம் மறந்திருக்கும். சுடச்சுடச் சொன்ன ஒன்று மாத்திரம், அடுப்பில் விழுந்த மிளகாயைப்போல், இன்னும் நெடியடித்துக்கொண்டிருக்கும். சொன்னவர் மறந்துவிடுவார், கேட்டவர் மறப்பதில்லை. அப்படி ஒரு வார்த்தை வாயை விட்டுப் போனபின் நாம் எல்லோரும் சொல்லுகிற சமாதானம் ஒன்று உண்டு. என் சுபாவமே அப்படி, நான் என்ன செய்யட்டும், ஆனால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்போம்.

இந்தச் சமாதானத்தைச் சொல்ல நம்மைவிட அதிக நியாயம் உள்ள ஒருவருடைய சரித்திரத்தை இந்த வாரம் கேளுங்கள். அவர் பெயர் அர்ச். பிரான்சிஸ்கு சலேசியார். சுரூபத்தில் அவரைப் பார்த்திருப்பீர்கள்: அகன்ற நெற்றி, தாடி, சாந்தமான கண்கள், கையில் இறகுப் பேனா. பார்த்தவுடன், இவர் தேனில் தோய்த்த நாவோடு பிறந்தவர் என்று எண்ணிவிடுகிறோம். அது பிசகு. உலைநீர் கொதிப்பதுபோல் தம் தலைக்குள் கோபம் கொதிப்பதாக அவரே தம் சிநேகிதர்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். சிறு பிள்ளையாயிருந்தபோது, கல்வீன் மதத்தார் ஒருவர் வீட்டுக்கு வந்தார் என்று கேட்டு, உள்ளே போய் அவரை ஒன்றும் சொல்ல முடியாமல், தடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக் கோழிகளையெல்லாம் பதிதர் என்று துரத்தினாராம். பாவம், கோழிகள்! அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் அதே கல்வீன் மதத்தாரின் கதவுகளை வேறுவிதமாய்த் தட்டப்போகிறது.

அவர் பிறந்தது 1567-ம் வருடம் ஆகஸ்டு 21-ந் தேதி, சவோய் நாட்டில், தோரான்ஸ் என்னும் ஊருக்கு அருகிலுள்ள சலேஸ் கோட்டையில். அந்த நாடு அப்போது தனி இராச்சியம். இன்று அந்தப் பகுதி பிரான்சு தேசத்தைச் சேர்ந்தது. தகப்பனார் பெரிய பிரபு. மூத்த மகனைச் செனட் சபையில் உட்கார வைத்துப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர். ஆகையால் பையனைப் பாரீஸ் மாநகருக்கு அனுப்பி, சேசு சபையாரின் கல்லூரியில் படிக்க வைத்தார்.

பாரீஸில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. அந்நாட்களில் அங்கே வேதசாஸ்திரிகளுக்குள் ஓயாத வாதம்: யார் மோட்சத்துக்கு, யார் நரகத்துக்கு என்று சர்வேசுரன் முன்னமே குறித்துவிட்டாரா என்பது பற்றி. வாதம் செய்தவர்கள் பேசிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். கேட்டுக்கொண்டிருந்த இந்த வாலிபரோ சாப்பாட்டையும் தூக்கத்தையும் இழந்தார். தாம் நரகத்துக்கென்று குறிக்கப்பட்டவர் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டு, உடம்பை உருக்கியது. கடைசியில் ஒருநாள் அர்ச். முடியப்பர் கோவிலில் தேவமாதாவின் பீடத்துக்கு முன் முழந்தாட்படியிட்டு, அர்ச். பெர்நார்துவின் பேரால் வழங்கும் மன்றாட்டைச் சொன்னார். பயம் உடுப்பு கழன்று விழுவதுபோல் விழுந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 20-கூட ஆகவில்லை. படித்தவர்கள் கூடம் அதிரப் பேசும் பேச்சு, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆத்துமத்தின்மேல் எவ்வளவு பாரமாய் விழக்கூடும் என்பதை அவர் புத்தகத்திலிருந்து கற்றவரல்ல என்பதற்காகவே இதைச் சொல்லுகிறோம்.

பிறகு நம் அந்தோனியாரின் பதுவை நகரில் சட்டம் படித்து, 1591-ல் இருவகைச் சட்டத்திலும் சாஸ்திரியார் பட்டம் பெற்றார். தகப்பனார் பெண்கூடப் பார்த்து வைத்திருந்தார். மகன் குருப்பட்டம் என்றார். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1593 டிசம்பர் 18-ந் தேதி அவர் குருவானார்.

குருவானவுடன் ஓயாமல் பிரசங்கம். தகப்பனாருக்கு இது பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் பிரசங்கம் என்றால் லத்தீனும் கிரேக்கமும் இடிபோல் முழங்கவேண்டும், அபூர்வமாய் இருக்கவேண்டும். இந்த மகனோ எப்போது பார்த்தாலும் மணி அடித்துப் பிரசங்கிக்கிறான், அதுவும் வேலைக்காரிக்குக்கூட விளங்கும்படி பேசுகிறான், குடும்ப கௌரவம் என்ன ஆவது என்று கிழவர் நொந்துகொண்டார். மகன் எதிர்த்துப் பேசவும் இல்லை, பிரசங்கத்தைக் குறைக்கவும் இல்லை.

இப்போது ஷாப்லே நாட்டுக்கு வாருங்கள். ஜெனீவா ஏரியின் தென்கரையிலுள்ள பகுதி அது. 1536-ல் பெர்ன் நகரத்தார் அதைப் பிடித்துக் கல்வீன் மதத்துக்கு மாற்றிவிட்டார்கள். பின்பு நாடு மறுபடியும் சவோய் டியூக்கின் கைக்கு வந்தது. ஆனால் ஜனங்கள் திரும்பி வரவில்லை. தோனோன் என்னும் தலைநகரில் கத்தோலிக்கர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அங்கே போகிறவர் யார் என்று ஜெனீவாவின் மேற்றிராணியார் கேட்டபோது நம் சலேசியார் எழுந்து நின்றார். தகப்பனார் அழுதார், தடுத்தார், பண உதவி செய்ய மறுத்தார். 1594 செப்டம்பர் 14-ந் தேதி, திருச்சிலுவையின் மகிமைத் திருநாளன்று, பிரான்சிஸ்குவும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் லூயி சுவாமியாரும் கால்நடையாகப் புறப்பட்டார்கள்.

அலாஞ்ச் என்னும் மலைக்கோட்டையில் டியூக்கின் படை இருந்தது. இரவில் அங்கே தங்கி, பகலில் தோனோனுக்கு நடந்து போய்ப் பிரசங்கிப்பது அவர்கள் வழக்கம். ஆனால் கேட்பது யார்? ஜனங்கள் வரவில்லை. வந்தால் அபராதம், பரிகாசம், பகை. குளிர்காலம் வந்தது, பனி பெய்தது. ஓர் இரவு வழி தப்பி, ஓநாய்களுக்குப் பயந்து, மரத்தின்மேல் ஏறி, தூக்கத்தில் விழாதபடி தம்மைக் கிளையோடு கட்டிக்கொண்டு விடியுமட்டும் இருந்தார் என்று அவர் சரித்திரத்தை எழுதினவர்கள் சொல்லுகிறார்கள். கொல்லக் காத்திருந்தவர்களும் உண்டு. தகப்பனாரோ, திரும்பி வா, போதும் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆட்கள் பிரசங்கம் கேட்க வராவிட்டால் என்ன செய்வது? நாமாயிருந்தால் இரண்டில் ஒன்று செய்வோம். ஒன்று, கோபித்துக்கொண்டு மூட்டை கட்டுவோம். அல்லது சந்தியில் நின்று வைவோம். அவர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். 1595 ஜனவரி முதல், வேதசத்தியங்களைத் துண்டுத் தாள்களில் எழுதி, படிகள் எடுப்பித்து, வீட்டுக் கதவுகளுக்கு அடியில் தள்ளியும், பொது இடங்களில் ஒட்டியும் வந்தார். பிரசங்கக் கூடத்துக்கு வந்தால் அண்டை வீட்டான் பார்ப்பான்; கதவை மூடிக்கொண்டு ஒரு தாளை வாசித்தால் யார் பார்ப்பது? அந்தத் தாள்களில், தாமும் இந்த நாட்டுப் பிள்ளைதான், அந்நியன் அல்ல என்று மரியாதையாய்ப் பேசினார். எங்கும் ஒரே இனிப்பு என்று நினைக்கவேண்டாம். வாதம் கூர்மையானது, அக்காலத்து மதச் சண்டையின் சூடு சில இடங்களில் தெரியத்தான் செய்கிறது. ஆயினும் வாசித்தவர்கள், இந்த மனிதன் நம்மை ஜெயிக்க வரவில்லை, நம்மைத் தேடி வந்திருக்கிறான் என்று உணர்ந்தார்கள். அந்தத் தாள்கள் அவர் இறந்து 50 வருடம் கழித்து, 1672-ல், புத்தகமாக வெளிவந்தன. பத்திரிகை எழுதுகிறவர்களுக்கு 1923-ல் பதினோராம் பத்திநாதர் பாப்பானவர் இவரைப் பாதுகாவலராக நியமித்ததற்கு இந்தக் கதவடித் தாள்களும் ஒரு காரணம்.

மெதுமெதுவாய் ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். சட்டம் படித்த போன்சே, ஆவுல்லி பிரபு போன்ற பெரியவர்கள் முதலில் வந்தார்கள். 1596 கர்த்தர் பிறந்த திருநாளில் தோனோன் கோவிலில் அநேக வருடங்களுக்குப் பிறகு திவ்விய பூசை நடந்தது. 1598-ல் 40 மணி நேர ஆராதனையின்போது திரள் திரளாய்த் திரும்பினார்கள்.

இந்த இடத்தில் ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். திரும்பினவர்கள் எல்லோரும் சொல்லின் இனிமையால் மாத்திரம் திரும்பவில்லை. டியூக் தம் அதிகாரத்தையும் பிரயோகித்தார். கல்வீன் சபையாரின் ஆராதனையைத் தடை செய்தார். உத்தியோகங்களிலிருந்து அவர்களை நீக்கினார். நம் அர்ச்சியசிஷ்டவரும் அரசாங்கத்தின் உதவியைக் கேட்டவர்தான். இரு பக்கத்தாரும் அப்படியே செய்த காலம் அது. இன்று நாம் அதை மெச்ச முடியாது. ஆனால் டியூக்கின் கட்டளைகளை இன்று யார் வாசிக்கிறார்கள்? கதவுக்கு அடியில் தள்ளிய தாள்களை இன்றும் வாசிக்கிறார்கள்.

1597-ல் பாப்பானவர் எட்டாம் கிளமெந்துவின் விருப்பப்படி அவர் ஜெனீவா நகருக்குள்ளேயே போய், கல்வீனுக்குப் பின் அந்தச் சபையின் தலைவராயிருந்த தெயோதோர் பேசாவைச் சந்தித்தார். பேசாவுக்கு அப்போது வயது 80-க்குச் சமீபம். கிழவர் ஒரு சமயம் பொறுமை இழந்து கடிந்து பேசியும், இளைஞர் மரியாதை குறையவில்லை. பல முறை சந்தித்தார்கள். பேசா மனந்திரும்பவில்லை, 1605-ல் தம் மதத்திலேயே இறந்தார். இனிய சொல் சொன்னால் எல்லாம் கைகூடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும். கைகூடாது என்று தெரிந்தபின்னும் அவர் சொல் மாறவில்லை என்பதல்லவோ பெரிது.

1602-ல் அவர் ஜெனீவா மேற்றிராணியாரானார். பெயர்தான் ஜெனீவா, அந்நகரத்தார் உள்ளே விடாதபடியால் வாசம் அன்சி என்னும் சிற்றூரில். ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டித் தாமே ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார்.

இனி அவருடைய கோபம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது போகவே இல்லை. முகம் சிவந்து, மூச்சு நின்று, பின் அடங்குவதைப் பக்கத்திலிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒருமுறை ஒருவன் அவர் வீட்டுக்கே வந்து வாய்க்கு வந்தபடி ஏசினான். மேற்றிராணியார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவன் போனபின், ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டவருக்கு அவர் சொன்ன காரணம் வேடிக்கையானது. மனம் கலங்கியிருக்கும்போது பேசுவதில்லை என்று தாமும் தம் நாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருப்பதாகவும், 20 வருடத்துக்கு மேலாகத் துளித்துளியாய்ச் சேர்த்து வைத்த கொஞ்சம் சாந்தத்தைக் கால்மணி நேரத்தில் கொட்டிவிட மனமில்லை என்றும் சொன்னாராம். 20 வருடம்! நாம் ஒரு தபசுகாலம் முயற்சி செய்துவிட்டு, இது நமக்கு வராது என்கிறோம்.

இந்தச் செய்திகளில் பலவற்றை நமக்கு எழுதி வைத்தவர் பெல்லே நகர மேற்றிராணியார் காமு என்பவர். சலேசியாரின் கையால் மேற்றிராணியார் அபிஷேகம் பெற்றவர், வயதில் இளையவர், பேச்சிலோ குற்றால அருவி. அவருக்கு நம் சலேசியார்மேல் இருந்த பக்தி எவ்வளவென்றால், அவரைப்போலவே நிறுத்தி நிதானமாய்ப் பிரசங்கிக்கத் தொடங்கினார். கேட்டவர்கள் தூங்கினார்கள். சலேசியாருக்குச் செய்தி எட்டியது. அவர் கண்டித்தாரா? பெல்லே மேற்றிராணியார் நன்றாகப் பிரசங்கிப்பவர், இப்போது அவர் ஜெனீவா மேற்றிராணியாரைப்போல் பேசுகிறாராமே, என்ன நஷ்டம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். காமு சிரித்துவிட்டார், பழையபடி அருவியானார். தப்பைக் காட்டவும் வேண்டும், மனம் புண்படவும் கூடாது என்றால் எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி நமக்குத் தெரியாது. குற்றத்தை அவர்மேல் வைக்காமல் தம்மேல் வைத்துக்கொண்டார், பார்த்தீர்களா?

1609-ல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். தம் உறவினர் மனைவியாகிய ஓர் அம்மாளுக்கு எழுதிக் கொடுத்த புத்திமதிகளை விரித்து எழுதியது. பக்தியுள்ள வாழ்க்கைக்கு முகவுரை என்று பெயர். சந்நியாசிகளுக்காக அல்ல, குடும்பம் நடத்துகிறவர்களுக்காக எழுதினது. அதன் மூன்றாம் பாகத்தில் நாவைப்பற்றி அத்தியாயம் அத்தியாயமாய் எழுதியிருக்கிறார். கொஞ்சம் நின்று அதைப் பார்ப்போம். நமக்குத் தேவையான இடம் அதுவே.

புறணி பேசுவதை அவர் கொலை என்கிறார். மனிதனுக்கு ஆத்தும உயிர், சரீர உயிர் இருப்பதுபோல், ஊராருக்குள் அவனுடைய நல்ல பெயராகிய உயிர் ஒன்றும் உண்டு; புறணி சொல்பவன் ஒரே வீச்சில் மூன்று கொலை செய்கிறான் என்று கணக்குக் காட்டுகிறார். தன் ஆத்துமம், கேட்பவன் ஆத்துமம், பேசப்பட்டவனுடைய மானம். அவற்றில் மிகவும் கொடியது எது தெரியுமா? புகழ்ச்சியோடு தொடங்கும் புறணிதான். அவள் நல்லவள்தான், தங்கமானவள்தான், ஆனாலும்... என்று தொடங்குகிறோமே, அதுதான். வில்லில் அம்பு பூட்டினவன் அதைத் தன் பக்கமாய் இழுப்பது தூரமாய் எய்வதற்காகவே என்று அவர் உவமை சொல்லுகிறார். இதை எழுதும்போதே நமக்கு நாம் சமீபத்தில் இழுத்த ஓர் அம்பு நினைவுக்கு வருகிறது. யார்மேல் என்று சொல்லமாட்டோம்.

இன்னொன்று. ஒருவன் ஒருநாள் குடித்திருக்கக் கண்டால் அவனைக் குடிகாரன் என்று சொல்லாதே என்கிறார். நோவே ஒருமுறை வெறிகொண்டார், அதனால் அவர் குடிகாரரா? அர்ச். இராயப்பர் மறுதலித்தார், அதனால் மறுதலிப்பவர் என்பது அவர் பெயரா? ஒரு செயல் ஒரு மனிதனுக்குப் பெயராகிவிடாது. நம் தெருக்களில் எத்தனை பேருக்கு, எப்போதோ ஒருநாள் செய்த தப்பு, பட்டப்பெயராய் ஒட்டிக்கொண்டிருக்கிறது! அவன் திருந்தி 30 வருடம் ஆகியிருக்கும். பேரப்பிள்ளைகள் நன்மை வாங்கியிருப்பார்கள். பெயர் மாத்திரம் போகாது.

அதற்காகத் தீமையை நன்மை என்று பூசி மெழுகவும் அவர் விடவில்லை. புறணிக்குப் பயந்து பொய்ப் புகழ்ச்சி செய்வதும் தப்பு. வெளிப்படையாய் ஆபத்து உண்டாக்குகிறவனைக் குறித்து உரியவர்களை எச்சரிப்பது கடமை. ஆனால் வைத்தியன் கத்தி வைப்பதுபோல் அளவாய், தேவையான இடத்தில் மாத்திரம். சிரிக்கச் சிரிக்கப் பேசுவதையும் அவர் தடுக்கவில்லை. ஒருவரோடு சேர்ந்து சிரிப்பது வேறு, ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு என்பதே அவர் கருத்து.

புத்தகத்தில் எழுதுவது எளிது என்பீர்கள். ஆகையால் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறோம்.

1604 தபசுகாலத்தில் திஷோன் நகரில் பிரசங்கித்தபோது, பிரசங்க மேடைக்கு எதிரே விதவைக் கோலத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளை அவர் கண்டார். பின்னாளில் அர்ச்சியசிஷ்டவளான சாந்தால் அருளம்மாள் அவர். 1601-ல் கணவர் வேட்டைக்குப் போன இடத்தில், கூடப் போன உறவினரின் துப்பாக்கி தவறி வெடித்து, சில நாள் கிடந்து இறந்தார். இறக்குமுன் சுட்டவரை மன்னித்தார். நான்கு குழந்தைகளோடு நின்ற மனைவிக்கோ மன்னிக்க முடியவில்லை. போதாததற்கு, மாமனார் வீட்டில் வாசம், மாமனார் சிடுமூஞ்சி, வீட்டை ஆட்டிப்படைத்ததோ ஒரு வேலைக்காரி. அந்த வேலைக்காரியின் சொல்லுக்கெல்லாம் பதில் சொல்லாமல், அவளுடைய பிள்ளைகளுக்குத் தம் பிள்ளைகளோடு பாடமும் சொல்லிக்கொடுத்து, ஏழு வருடம் தள்ளினார் அந்த அம்மாள்.

கணவரைச் சுட்டவரைப் பார்க்கவேண்டுமா என்று அவர் சலேசியாரைக் கேட்டார். அதற்கு அவர் எழுதின பதிலில் கட்டாயம் இல்லை. நீயாகப் போய்த் தேடவேண்டாம். ஆனால் அந்த மனிதர் உன்னைப் பார்க்க வந்தால், சாந்தமும் இரக்கமுமுள்ள மனதோடு அவரை ஏற்றுக்கொள் என்ற கருத்தில் எழுதினார். உன் இரத்தம் கொதிக்கும், மனம் கலங்கும், அது எனக்குத் தெரியும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது என்றும் தைரியம் சொன்னார். பாருங்கள், கொதிப்பைப்பற்றி அவருக்குத் தெரியாதா என்ன! கொதிக்கவே கூடாது என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. அருளம்மாள் அந்த மனிதரைச் சந்தித்தார். எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. பின்பு ஒருநாள் அந்த மனிதருக்குக் குழந்தை பிறந்தபோது, ஞானஸ்நானத்தில் அந்தக் குழந்தைக்கு ஞானத்தாயாய் நின்றவர் இந்த அம்மாளே.

அந்த வீட்டு வேலைக்காரர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார்கள். அம்மாளின் பழைய ஞானத்தந்தை நாளைக்கு மூன்று வேளை ஜெபிக்கச் சொன்னார், வீடே அவதிப்பட்டது. ஜெனீவா மேற்றிராணியாரோ நாள் முழுதும் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார், யாருக்கும் தொந்தரவில்லை என்று அவர்கள் பேசிக்கொண்டார்களாம். நம் பக்தியைக் குறித்து நம் வீட்டு வேலைக்காரர் என்ன சாட்சி சொல்லுவார்கள் என்று யோசித்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. 1610 ஜூன் 6-ந் தேதி இந்த அம்மாளைக் கொண்டு அன்சியில் தேவமாதா மினவுதல் சபையென்னும் கன்னியர் சபையைச் சலேசியார் ஸ்தாபித்தார்.

வார்த்தையே செல்லாத இடத்திலும் அவர் பேசினார். லா ரோஷ் என்னும் ஊரில் மார்த்தீன் என்ற ஒருவர் இருந்தார். பிறவியிலேயே செவிடர், ஊமை. இப்படிப்பட்டவர்களுக்கு வேதம் போதிக்க முடியாது என்று அநேகர் விட்டுவிட்ட காலம். மேற்றிராணியார் அவரைத் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு, கைச்சாடைகளை ஒவ்வொன்றாய்த் தாமே உண்டாக்கி, சர்வேசுரனையும் தேவதிரவிய அனுமானங்களையும் அவருக்கு விளங்கவைத்து, பாவசங்கீர்த்தனமும் கேட்டு, தம் கையாலேயே நற்கருணையும் கொடுத்தார். ஒரு மறைமாவட்டத்தின் வேலை தலைமேல் இருக்கும்போது, ஒரே ஓர் ஆளுக்கு இவ்வளவு நேரமா என்று கணக்குப் பார்ப்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். காது கேளாதவர்கள் இன்று அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடுகிறார்கள்.

1618-ல் அவர் பாரீஸுக்குப் போயிருந்தபோது, நமக்கெல்லாம் தெரிந்த அர்ச். வின்சென்ட் தே பவுல் அவரோடு பழகினார். வின்சென்டும் இயற்கையில் கடுகடுப்பானவர். ஜெனீவா மேற்றிராணியார் இத்தனை நல்லவராயிருந்தால், ஆண்டவர் எத்தனை நல்லவராயிருக்கவேண்டும் என்று தமக்குத் தோன்றியதாக அவர் பிற்பாடு சாட்சி சொன்னார். இரண்டு நூற்றாண்டுக்குப் பின், தூரின் நகரில் முரட்டுத் தெருப்பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த அர்ச். தொன் போஸ்கோ சுவாமியார், 1859-ல் ஒரு சபை தொடங்கி, இவருடைய சாந்தம் தம் பிள்ளைகளிடத்தில் இருக்கவேண்டுமென்று இவர் பெயரையே அதற்கு வைத்தார். அந்தச் சலேசிய சபையார் 1906-ல் நம் தஞ்சாவூருக்கு வந்தபோது சவோய் நாட்டு மேற்றிராணியாரின் பெயரும் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது.

1622-ம் வருடக் கடைசியில், உடம்பு தளர்ந்திருந்த நிலையில், அவர் லியோன் நகருக்கு வந்தார். அரசரின் பரிவாரமும் பெரிய மனிதரும் நிறைந்திருந்த ஊர், மாளிகைகள் காத்திருந்தன. அவர் தங்கினது கன்னியர் மடத்துத் தோட்டக்காரனுடைய சிறு வீட்டில். அருளம்மாளும் அங்கே வந்திருந்தார். ஞானத்தந்தையைப் பார்த்து நெடுங்காலம் ஆகியிருந்தது. தம் ஆத்தும காரியங்களையெல்லாம் சொல்லவேண்டுமென்று ஆசையோடு குறித்து வைத்திருந்தார். மேற்றிராணியாரோ, அவற்றை அன்சியில் பேசிக்கொள்ளலாம், இப்போது சபையின் காரியங்களைப் பார்ப்போம் என்றார். அருளம்மாள் ஒன்றும் சொல்லாமல் தம் குறிப்பை மடித்து வைத்துவிட்டு, சபைக் காரியங்களை எடுத்தார். நான்கு மணி நேரம் பேசினார்கள். பிறகு அம்மாள் வேறு மடங்களைப் பார்வையிடப் புறப்பட்டுப் போனார்.

டிசம்பர் 27-ந் தேதி மேற்றிராணியாருக்கு மூளையில் இரத்தம் தாக்கிற்று. அக்கால வைத்தியர்கள் பழுக்கக் காய்ச்சின இரும்பை வைத்து அவரை வதைத்தார்கள். மறுநாள், மாசற்ற குழந்தைகளின் திருநாளன்று, தம் 55-ம் வயதில் இறந்தார். உடலைப் பதப்படுத்தினவர்கள் பித்தப்பையில் கற்களைக் கண்டார்கள். ஆயுள் முழுதும் விழுங்கின கோபம்தான் கல்லாய்ப் போயிற்று என்று அன்றைய ஜனங்கள் நம்பினார்கள். இன்றைய வைத்தியர்கள் அதை ஒப்பமாட்டார்கள். ஆனால் கூட இருந்தவர்கள் அவரைப்பற்றி என்ன அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்தப் பேச்சு ஓர் அடையாளம். 1665-ல் அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டமும், 1877-ல் வேதசாஸ்திரி பட்டமும் கொடுக்கப்பட்டன. ஜனவரி 24-ந் தேதி அவர் திருநாள்.

அருளம்மாள் அன்சிக்குத் திரும்பி வந்து, அவர் விட்டுப்போன காகிதங்களை ஒழுங்குபடுத்தினபோது, தாம் அவருக்கு எழுதின கடிதங்கள் ஒரு கட்டாய்க் கிடக்கக் கண்டார். ஒன்றையும் எறியாமல், ஓரத்தில் தம் கைப்படக் குறிப்பும் எழுதிப் பத்திரப்படுத்தியிருந்தார் மேற்றிராணியார். அம்மாள் அந்தக் கட்டில் பெரும்பாலானவற்றை நெருப்பில் போட்டார். அவர் மற்றவர்களுக்கு எழுதின கடிதங்களையோ வீடு வீடாய்க் கேட்டு வாங்கிச் சேர்த்து, 1626-ல் அச்சிட்டார்.